மேட்டிலே மழை, பள்ளத்திலே வெள்ளம்

வெள்ளம் வடிந்த மறுநாள் நம் நாட்டிலே தவறாமல் ஒலிக்கும் சொற்றொடர் ஒன்றுண்டு: "இயற்கையின் சீற்றம்." பத்திரிகைகள் அதனைத் தலைப்பிலே போடுகின்றன. மேடைகளிலே தலைவர்கள் உருக்கத்தோடு உச்சரிக்கின்றனர். நிவாரணப் பொதி வழங்க வரும் கனவான்களும் அதனையே சொல்லிவிட்டுப் போகின்றனர். அண்மைக் காலத்தில் இன்னொரு சொற்றொடரும் இதனோடு சேர்ந்துகொண்டது: "காலநிலை மாற்றம்." முன்னது பழக்கதோஷத்தால் வருவது, பின்னது விஞ்ஞானம் ஐயத்துக்கிடமின்றி நிறுவிய உண்மை. ஆயினும், இவ்விரண்டையும் சிலர் பயன்படுத்தும் விதத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. குற்றம் முழுவதையும் வானத்தின் மீது ஏற்றிவிட்டு, மண்ணிலே தாம் செய்ததையும் செய்யத் தவறியதையும் மறைத்துக்கொள்ள இரண்டும் அவர்களுக்கு உதவுகின்றன.

வானம் மாறிவருகிறது என்பது மெய். ஆனால், அந்த மாற்றம் யாருடைய வாசலிலே வெள்ளமாக வந்து நிற்கும் என்பதையும் வானந்தானா தீர்மானிக்கிறது? எனக்கு நன்கு தெரிந்த ஓர் ஆற்றை வைத்தே இந்தக் கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். அது களனி கங்கை.

சிவனொளிபாத மலையை அண்டிய உயர்நிலங்களிலே தொடங்கி, கொழும்பின் வட எல்லையில் கடலோடு கலக்கும் களனியின் நீளம் ஏறத்தாழ 145 கிலோமீற்றர். அதன் நீரேந்து பரப்பு ஏறத்தாழ 2,300 சதுர கிலோமீற்றர். அதாவது, இத்தனை நிலத்தில் எங்கே மழை விழுந்தாலும், மண் குடித்தது போக மிஞ்சியது இந்த ஓர் ஆற்றையே நாடி வரும். பொகவந்தலாவை, நோர்வூட் பக்கமிருந்து வரும் கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கித்துள்கலைக்கு மேலே கூடிக் களனியாகின்றன. அவிசாவளையிலே சீதாவாக்கை ஆறு வந்து சேர்கிறது. லக்சபானைப் பக்கத்தில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றர் அளவிலே பெய்யும். கொழும்பிலே பெய்வது அதிற் பாதிதான். மலையிலே குதித்து வரும் ஆறு ஹங்வெல்லையைத் தாண்டியதும் நடை தளர்கிறது. அங்கிருந்து கடல்வரை நிலம் பாய் விரித்தாற்போலக் கிடக்கிறது. வேகமாக வந்த நீர் அங்கே தேங்கிப் பரவுவது ஆற்றின் இயல்பு. அதனைத் தாங்கிக்கொள்ளவே அங்கு சதுப்பு நிலங்களும் தாழ்ந்த வயல்களும் இருந்தன.

இந்த ஆற்றின் இரு முனைகளிலும் வாழ்ந்தவன் நான். பிறந்தது கெசல்கமு ஓயாவின் தலைப்பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே. ஆசிரியத் தொழில் பார்த்துக் குடும்பமாகிக் குடியிருப்பது வெல்லம்பிட்டியிலே. ஆகவே, மழை புறப்படும் இடத்தையும் அது போய்ச் சேரும் இடத்தையும் ஒருசேரக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

என் தந்தையார் தோட்டத்திலே கான் வெட்டுபவர். கொழுந்து பறிப்பதைப் பற்றிப் பாடியோர் பலர். கான் வெட்டுவதைப் பற்றிப் பாடினோர் எவருமிலர். தேயிலைச் சரிவின் குறுக்கே, சிறு சாய்வோடு, மலையைச் சுற்றி ஓடும் வாய்க்கால்தான் கான். சரிவிலே நேராக இறங்கினால் மண்ணை அரித்துக்கொண்டு போகும் நீரை அது மறித்துப் பக்கவாட்டிலே அழைத்துச் சென்று, கல் பதித்த பெரிய கானிலே விடும். கானுக்குள்ளே இடையிடையே குழிகளும் வெட்டியிருக்கும். அவற்றிலே மண் படியும். படிந்த மண்ணை அள்ளி மறுபடி தேயிலைத் தூரில் போடவேண்டும். தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் சித்திரை மாதத்திலே கானெல்லாம் துப்புரவாகிவிட வேண்டுமென்பது அக்காலத்து ஒழுங்கு. "மேல ஒரு கான் அடைஞ்சா, கீழ ஒரு லயம் போயிரும்டா" என்பார் அவர். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதரின் வாயிலிருந்து வந்த அவ்வார்த்தையைவிடத் தெளிவாக நீரேந்து பரப்பின் இலக்கணத்தைச் சொன்ன புத்தகமெதையும் நான் இதுவரை படித்ததில்லை.

அந்த மலை எப்போதும் தேயிலை மலையாக இருந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் முதலிலே கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலைக்காகவும் அடர்ந்த காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. காடு அழிவதன் விளைவை அக்காலத்திலேயே உணர்ந்தவர்கள் இருந்தனர். கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த யோசப் ஹூக்கர் 1873இல் இலங்கைக் காடுகளைப் பற்றி விடுத்த எச்சரிக்கையைத் தொடர்ந்தே 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டலாகாதென்ற கட்டுப்பாடு வந்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அறிவு இல்லாமையால் நேர்ந்த கேடு இதுவென்று எவரும் சொல்லமுடியாது. அறிவு இருந்தது, ஆனால் இலாபத்தின் அவசரம் அதனினும் வலிதாக இருந்தது.

காட்டைப் பறிகொடுத்த மலையிலே மழைநீரைத் தாமதிக்கச் செய்ய எஞ்சியிருந்தது தொழிலாளியின் மண்வெட்டி ஒன்றே. 1992இல் அரசுத் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதன் பின்னர் நான் ஊருக்குப் போகுந்தோறும் கண்ட காட்சி இது: கொழுந்துக்கு ஆள் போடுவார்கள், கானுக்கு ஆள் போடமாட்டார்கள். கான் கொழுந்து தராது; மாதக் கணக்கிலே அது செலவுப் பக்கத்தில் மாத்திரமே நிற்கும். குழிகள் தூர்ந்து மானாப்புல் மண்டிய கான்களை நான் பார்த்தேன். அங்கே மிச்சப்படுத்திய செலவு இல்லாமற் போய்விடுவதில்லை. அது சேறாகவும் செந்நீராகவும் மலையிறங்கி, கீழே இன்னொருவன் வீட்டிலே கணக்குத் தீர்க்கிறது.

இனி வானத்துக்கு வருவோம். காற்று சூடேறினால் அதிக நீராவியைத் தாங்கும். வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர, தாங்கும் அளவு ஏறத்தாழ 7 வீதம் கூடும். இது புதிய கண்டுபிடிப்பன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே பௌதிகம் வகுத்த விதி. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதர் வளிமண்டலத்தில் ஏற்றிய காபனீரொட்சைட்டு முதலிய வாயுக்களால், 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை, 1850 முதல் 1900 வரையான காலத்தைவிட ஏறத்தாழ 1.1 பாகை உயர்ந்திருந்தது. ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் நாளொன்றில் கொட்டும் மிகக் கடுமையான மழை உலகளவிலே ஏறத்தாழ 7 வீதம் வலுப்பெறுமென்று, காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

"ஏழு வீதந்தானே, அதனால் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்கத் தோன்றும். ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலையிலே ஒருநாள் 300 மில்லிமீற்றர் மழை பெய்கிறதென்று கொள்வோம். மண் 100ஐக் குடித்துவிடுகிறது, 200 ஓடிவருகிறது. ஆறு கரைமீறாமல் 150ஐக் கொண்டுசெல்லும். மிச்சம் 50 ஊருக்குள் புகும். மழை 7 வீதம் கூடி 321 ஆகிறது. நனைந்த மண் தன் பங்குக்கு மேல் ஒரு துளியும் குடிக்காது. ஆறும் தன் அளவுக்கு மேல் கொள்ளாது. ஆகவே, கூடிய 21உம் அப்படியே ஊருக்குள் வரும். 50 ஆக இருந்தது 71 ஆகும். மழையிலே 7 வீதம், வீட்டுக்குள்ளே 42 வீதம்! உண்மையான ஆறு இத்தனை எளிமையானதன்று. மழை எத்தனை மணி நேரம் பெய்தது, முன்னரே நிலம் நனைந்திருந்ததா, கிளையாறுகளின் வெள்ளம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததா என்பனவெல்லாம் கணக்கிலே சேரும். ஆயினும், சிறிய மாற்றம் பெரிய துன்பமாகும் வழி இதுதான்.

ஆண்டு மழையின் மொத்தம் கூடித்தான் வெள்ளம் வரவேண்டுமென்பதுமில்லை. மொத்தம் மாறாமலே, நாற்பது நாள் நிதானமாகப் பெய்யவேண்டியது நான்கு நாளிலே கொட்டித் தீர்க்கலாம். அப்போது வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆண்டிலே ஒரே தோட்டத்தைத் தாக்கும். மழை பெருகினால் எல்லா ஆற்றிலும் ஒரே அளவிலே வெள்ளம் பெருகுமென்று சொல்வதும் சரியன்று. சிற்றோடையும் நகரத்து வாய்க்காலும் ஒருமணி நேரப் பேய்மழைக்கே நிரம்பிவழியும். களனி போன்ற ஆற்றின் கீழ்ப்பகுதி பெருகுவதற்குப் பரந்த பரப்பிலே பல மணி நேரம் மழை நின்று பெய்யவேண்டும். வெப்பமேறும் உலகிலே முதலில் அடிபடுவோர் ஓடைக் கரையிலும் சரிவின் அடியிலும் இருப்போரே.

பொறியியலாளர் "நூறாண்டு வெள்ளம்" என்று சொல்வதுண்டு. இதனை நூறாண்டுக்கு ஒருமுறை வருவது, ஆகவே நம் காலத்தில் வராது என்று பலர் விளங்கிக்கொள்கின்றனர். எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றிலொரு பங்கு வாய்ப்புண்டு என்பதே அதன் பொருள். கடன்பட்டு வீடு கட்டி முப்பது ஆண்டு வாழும் ஒருவன் அதனைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 வீதம். வானம் மாறி அதே வெள்ளம் ஐம்பதாண்டு வெள்ளமாகிவிட்டால் அவ்வாய்ப்பு 45 வீதமாகிவிடும். பாலத்தின் உயரமும் அணைக்கரையின் உயரமும் கடந்தகால அளவீடுகளைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டன; நேற்று எப்படியோ நாளையும் அப்படியே என்ற நம்பிக்கை அவற்றின் அத்திவாரத்திலே புதைந்து கிடக்கிறது. அந்த நம்பிக்கையே இன்று ஆட்டங்காண்கிறது.

மேலே நீர்த்தேக்கங்கள் இருக்கின்றனவே என்று சிலர் ஆறுதல் சொல்வர். காசல்றீயும் மவுசாக்கலையும் 1960களின் பேறுகள். மவுசாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. கோடையிலே நீர் வற்றும்போது பழைய கோவில் இன்றும் தலைகாட்டும். ஆனால் இத்தேக்கங்கள் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை; களனியின் நீரேந்து பரப்பிலே சிறு பகுதியின் நீரையே இவை ஏந்துகின்றன. கித்துள்கலைக்கும் யட்டியாந்தோட்டைக்கும் அவிசாவளைக்கும் கீழே பெய்யும் மழையை இவை தடுக்கமாட்டா. மேலும், மின்சாரத்துக்குத் தேக்கம் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்கவோ அது வெறுமையாக இருக்க வேண்டும். மழை தன் பருவத்திலே தவறாது வந்த காலத்தில் இவ்விரண்டையும் ஓரளவு இணக்கப்படுத்த முடிந்தது. பருவம் பொய்க்கும் காலத்தில் அது எளிதன்று.

இனி ஆற்றோடு கீழே இறங்குவோம். வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்நாட்டிலே 1924இல் வந்தது. கொழும்பைக் காக்கக் களனிக் கரையிலே அணைக்கரைகள் எழுந்தன. அவற்றால் நகரம் பெரும் பயன் பெற்றது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால், கரை எழுப்பும்போதே ஒரு கோடு கீறப்படுகிறது: கோட்டுக்கு இப்பால் காக்கப்பட வேண்டிய நகரம், அப்பால் ஆற்றுக்கு விட்டுக்கொடுத்த நிலம். விட்டுக்கொடுத்த நிலத்துக்கு விலை குறைவு. துறைமுகத்திலே மூட்டை தூக்கியவனும், சந்தையிலே கூடை சுமந்தவனும், தோட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவனும், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக அங்கேதான் பலகை வீடு போட்டனர். அவர்கள் அறியாமையால் அங்கே குடியேறவில்லை. வேறெங்கும் இடமில்லாமையால் குடியேறினர்.

நாகலகம் வீதியிலே களனியின் உயரத்தைக் காட்டும் நீர்மானி ஒன்று உண்டு. 1947 ஆகஸ்டிலும் 1989 யூனிலும் அங்கே நீர் ஏறிய அளவுக்கு 2016 மே மாதத்தில் ஏறவில்லை. ஆயினும், 2016இன் வெள்ளம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளிலே இலட்சக்கணக்கானோரின் வாழ்வைக் குலைத்தது. நீர் குறைவு, சேதமோ பெரிது. இந்த முரண்பாட்டிலே நமக்கு வேண்டிய பாடம் அடங்கியிருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் வெள்ளம் வந்து தங்கிய சதுப்புகள் நிரப்பப்பட்டன, வயல்கள் களஞ்சியங்களாயின. மீதொட்டமுல்லையிலே தலைநகரின் குப்பை மலையாய்க் குவிந்தது. 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டுப் பண்டிகையன்று, அம்மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நீருக்குரிய இடத்தை நாம் எடுத்துக்கொண்டோம்; நீர் தனக்கு வேறிடம் தேடியது.

அந்த 2016 வெள்ளத்தின்போது எங்கள் ஒழுங்கையிலே நீர் ஒரே இரவில் ஏறவில்லை. மலையிலே பெய்தது எங்களை வந்தடைய ஒரு நாளுக்கு மேலாயிற்று. மஸ்கெலியாவில் இருந்த என் தங்கை தொலைபேசியிலே, "அண்ணே, இங்க மழ விட்டுருச்சு. ஆனா ஓயா இன்னும் மண்ணாத்தான் ஓடுது" என்றாள். அவள் சொன்னபோது எங்கள் வாசலிலே நீர் இல்லை. மறுநாள் மார்பளவு நின்றது. எங்களுக்குப் பள்ளிவாசலின் மாடியிலே இடந்தந்தார்கள். விகாரையிலே சமைத்த சோறு வள்ளத்திலே வந்தது. எந்த அரசாங்கக் கட்டளையும் இல்லாமலே ஏழைகள் ஒருவரையொருவர் தாங்கிய அந்த நாட்களை எண்ணும்போது இந்நாட்டைப் பற்றிய என் நம்பிக்கை துளிர்க்கிறது.

நீர் வடிந்தபின்னரே வேறொரு வெள்ளம் தொடங்கியது. சேதம் பதிவதற்கு வரிசையிலே நின்றோம். எனக்கு முன்னால் நின்றவள் ஒரு சிங்களப் பெண்மணி. நாற்பது ஆண்டு அதே மண்ணிலே வாழ்ந்தவள். "காணி உறுதி இருக்கிறதா?" என்று கேட்டார் மேசைக்குப் பின்னாலிருந்தவர். அவளிடம் இல்லை. வீடு போனதற்குச் சாட்சியாக அவள் உடம்பிலே ஒட்டிய சேறு இருந்தது. உறுதி மட்டும் இல்லை. அன்று எனக்கு லயம் நினைவுக்கு வந்தது. என் பாட்டனார் தொடக்கம் என் தங்கை வரை, நான்கு அடியும் ஆறு அடியுமாக அளந்து தேயிலை நட்ட எங்கள் சனத்திடமும் குந்தியிருந்த காம்பிராவுக்கு உறுதி இருந்ததில்லை. ஆற்றின் தலையிலும் உறுதியற்றவர்கள். ஆற்றின் காலிலும் உறுதியற்றவர்கள். மேலே இருப்பவனை மண் மூடுகிறது. கீழே இருப்பவனை நீர் மூடுகிறது. உறுதி இல்லாதவனுக்கு நிலத்திலே உறுதியில்லை. இடம்பெயரச் சொன்னால் போவதற்கும் இடமில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையின் மீரியபெத்தையிலே லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறந்துவிடலாகாது. அது வேறோர் ஆற்றின் நீரேந்து பரப்பு, கதை ஒன்றுதான். அங்கே ஆபத்துண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, வீடு இல்லை. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் நாட்டைக் கடந்தபோது அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவுகளே அவர்களுட் பெருந்தொகையினரைக் கொன்றன. களனிக் கரையும் மீண்டும் மூழ்கியது. ஒரு புயலை மட்டும் காட்டி, "இது காலநிலை மாற்றத்தின் பிள்ளை" என்று அறுதியிட்டுக் கூறுவது விஞ்ஞானத்துக்குப் பொருந்தாது. ஆனால், வெப்பமேறிய கடலும் ஈரமேறிய காற்றும் இத்தகைய மழையை மேலும் வலுவூட்டுகின்றன என்பதிலே ஐயமில்லை. ஆற்றின் வாயிலிலும் நிலைமை மாறுகிறது. 1901க்கும் 2018க்குமிடையே உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது. கடல் உயர, ஆறு கடலுக்குள் இறங்கும் வேகம் குறையும். தாழ்நிலத்து நீர் வடிய மேலும் நாட்செல்லும்.

எரிபொருள்களால் உலகம் வெளியேற்றும் காபனீரொட்சைட்டிலே இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றும் ஆகாது. அந்தச் சிறு பங்கிலே லயத்துப் பெண்ணின் பங்கு எவ்வளவு? பலகை வீட்டுக்காரனின் பங்கு எவ்வளவு? உலகைச் சூடேற்றி வளம்பெற்ற நாடுகள் இங்கு நேரும் அழிவுக்குத் தருவதைத் தருமம் என்று எண்ணுதல் தகாது, அது கடன். அக்கடனை நாம் உரத்துக் கேட்கவேண்டும். அதேவேளை, வெளியே கைநீட்டும் அந்நேரத்தில் உள்ளே தூர்ந்த கானை மறந்துவிடவும் கூடாது.

செய்யவேண்டியவை மாயமந்திரங்கள் அல்ல. செங்குத்துச் சரிவுகளையும் ஓடைக் கரைகளையும் காட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கான் வெட்டும் வேலையை வீண்செலவென்று கருதாமல், கொழும்பின் பாதுகாப்புக்கு மலையிலே செய்யும் பணியென்று மதித்து, அதற்குரிய கூலியை நாடு கொடுக்க வேண்டும். எஞ்சிய சதுப்பு நிலங்களிலே ஒரு கூடை மண்ணும் விழாமற் பார்க்க வேண்டும். கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமென்ற பட்டத்தைப் பெற்றது. பட்டத்தைச் சுவரிலே மாட்டிவிட்டுச் சதுப்பை நிரப்புவது நகைப்புக்கிடமானது. மேலே பெய்த மழையின் செய்தி, ஆற்றுக்கு முன்னதாக, கரையிலுள்ள ஒவ்வொரு குடிசைக்கும் அவரவர் மொழியிலே வந்துசேர வேண்டும். இவையனைத்துக்கும் மேலாக, மலையிலும் கரையிலும் வாழ்வோருக்கு ஆபத்தில்லாத நிலமும் அந்நிலத்துக்கு உறுதியும் வழங்க வேண்டும்.

மலைநாட்டான் வேறு, நகரத்தான் வேறு. தமிழன் வேறு, சிங்களவன் வேறு என்று நமக்குக் கற்பித்தவர்கள் பலர். பொகவந்தலாவையிலே விழுந்த துளி இந்தப் பாடத்தைப் படித்ததில்லை. அது இரு சாராரின் வாசலையும் தொட்டுக்கொண்டே கடலுக்குப் போகிறது. மழையைக் கூட்டவோ குறைக்கவோ இன்று நம் கையிலே ஆற்றலில்லை. அந்த மழையிலே யார் நனைவது, யார் மூழ்குவது என்ற ஏற்பாடு மட்டும் மனிதர் செய்தது. மனிதர் செய்ததை மனிதரே மாற்றலாம். அதற்கு, மேலே கான் வெட்டுகிறவனும் கீழே சேறு அள்ளுகிறவனும் தாம் ஒரே ஆற்றின் மக்கள் என்பதை உணர்ந்து, ஒரே குரலிலே பேசத் தொடங்கவேண்டும்.